தொட்டிலும் ஜமுக்காளமும்: கைக்குழந்தை வீட்டில் தூக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரும்போது துணி, டவல், டயப்பர் எல்லாம் பையில் இருக்கும். தூக்கத்துக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னிடமும் கேட்கவில்லை. முதல் ஐந்து மாதம் கோபிசெட்டிபாளையம் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். அப்புறம் பல்லடம் பக்கம் மாமியார் வீடு, பக்கத்திலேயே தறிக்குடோன், விசைத்தறி ஓடும் கொட்டகை. இரண்டு வீட்டிலும் மாற்றி மாற்றித் தூக்கம் கெட்ட பிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். குழந்தை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். பழக்க வேண்டியது வீட்டில் இருக்கும் மற்றவர்களை. அதனால் இதில் பாதி குழந்தைக்கு, பாதி வீட்டுக்கு.

முதல் ஆறு வாரம்: மணி பார்க்க வேண்டாம்

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும், ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் வேண்டும். எது இரவு எது பகல் என்று அதன் உடம்புக்குத் தெரிய இரண்டிலிருந்து நான்கு மாதம் வரை ஆகும். அதற்குள் நேரம் குறித்துப் பழக்கப் பார்த்தால் உங்களுக்குத்தான் அலுப்பு.

இந்தக் காலத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பகலைப் பகலாகவும் இரவை இரவாகவும் காட்டுவது. வெடியால ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பகலில் குழந்தை தூங்கும்போது மிக்ஸி ஓடலாம், பாத்திரம் விழலாம், பேசலாம். பொழுது இறங்கியதும் ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும். இரவில் பால் கொடுக்கும்போது பேச்சு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம், போனைப் பார்ப்பதாக இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மலம் போனால் துணி மாற்றுங்கள், லேசான ஈரத்துக்காக எழுப்பாதீர்கள்.

பிறந்த எடையைத் திரும்ப எட்டும் வரை, அதாவது ஏறக்குறைய முதல் இரண்டு வாரம், குழந்தை மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும். எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, விடவில்லை. “நல்லாத் தூங்கற கொழந்தைய எதுக்குங்கண்ணு எழுப்பறே?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். எடை போட்டுப் பார்த்த அன்றுதான் சமாதானமானார். எடை ஏறத் தொடங்கியபின், டாக்டர் சரி என்று சொன்னால், எழுப்பத் தேவையில்லை.

இன்னொன்று. குழந்தை தூக்கத்தில் முனகும், முகத்தைச் சுளிக்கும், சிரிக்கும், திடீரென்று ஒரு சின்ன அழுகை அழும். பெரியவர்கள் ‘நரி வெரட்டுது’ என்பார்கள். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதிக்குப் பாதி இப்படி அசைந்துகொண்டே தூங்கும் தூக்கம்தான். அந்தச் சத்தம் கேட்டவுடன் தூக்கினால், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை நாமே எழுப்பியதாகிவிடும். ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். நிஜமாகவே விழித்திருந்தால் அடுத்த அழுகை உங்களை விடாது.

படுக்கை

இதில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பகல் தூக்கமானாலும் சரி. படுக்கை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணை, அணைப்புத் தலையணை, பொம்மை, தளர்வான போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று தைத்துத் தரும் கடுகுத் தலையணையும் வேண்டாம். அமெரிக்காவில் 1994இல் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்று பெரிய பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

“மல்லாக்கப் போட்டா கக்குனது மூச்சுக்குழல்ல போயிருமே” என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கிய பால் கீழே இருக்கும் குழலுக்கே திரும்பிவிடும். குப்புறப் படுக்கும்போதுதான் அது தலைகீழாகிறது. தலை தட்டையாகிவிடும் என்ற கவலைக்கும் வழி உண்டு. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடம் போதும்.

நம் பக்கத்து வீடுகளில் இதற்குத் தோதான பொருள் ஏற்கனவே இருக்கிறது. பவானி ஜமுக்காளத்தை மடித்துத் தரையில் விரித்து, மேலே பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஓரங்களை அடியில் செருகிவிட்டால் கெட்டியான, சமமான படுக்கை ரெடி. நாலு மாதத்தில் குழந்தை புரளத் தொடங்கும்போது கட்டிலில் இருந்து விழுமே என்ற பயமும் இல்லை. தாயின் பாயை ஒட்டியே, ஆனால் தனியாக விரித்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா நடுவில், ஒரே போர்வைக்குள் வேண்டாம். குடித்திருப்பவர், புகை பிடிப்பவர், தூக்க மாத்திரை போட்டவர் பக்கத்தில் கூடவே கூடாது. சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே கண்ணயர்வதும் ஆபத்து. தூக்கம் அழுத்துகிறது என்றால் தரைப் படுக்கைக்கு வந்துவிடுங்கள்.

கொசுவுக்கு வலைதான். சுருள், சாம்பிராணி எதன் புகையும் அந்த நுரையீரலுக்கு ஆகாது. ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். மின்விசிறி ஓடலாம். தூங்கும்போது குல்லா, காலுறை வேண்டாம். கை, கால் சில்லென்றுதான் இருக்கும், அதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிடரியில் கை வையுங்கள். அங்கே வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். மார்கழிக் குளிருக்குச் சென்னிமலைப் போர்வையை எடுத்து மூடத் தோன்றும். போர்வை உங்களுக்கு, குழந்தைக்கு இன்னொரு சட்டை.

தொட்டில் கட்டலாமா?

கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. விட்டத்தில் சேலையைக் கட்டித் தொங்கவிட்ட தொட்டிலில், சில வீடுகளில் தூரி என்பார்கள், நாம் எல்லோரும் தூங்கி வளர்ந்தவர்கள்தான். ஆனால் சேலை வளைந்து குழிவதால் குழந்தையின் தாடை நெஞ்சில் போய் முட்டும், மூச்சுப் பாதை மடங்கும். முகம் துணியில் புதையும். குழந்தை டாக்டர்கள் சமமான படுக்கையை வற்புறுத்துவது இதனால்தான்.

நான் செய்தது இது: தொட்டில் ஆட்டுவதற்கு மட்டும், தூங்குவதற்கு இல்லை. பகலில், ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, முகம் தெரியும்படி ஆட்டுவது, கண் சொக்கியதும் ஜமுக்காளத்துக்கு மாற்றுவது. இரவில் தொட்டிலே கிடையாது. சேலை அகலமாக விரிந்து நிற்க நடுவில் தொட்டில் கட்டை கொடுங்கள். கொக்கியையும் முடிச்சையும் தினமும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். தரையில் இருந்து ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். காலித் தொட்டிலைச் சுருட்டி மேலே போட்டுவிடுங்கள். வீட்டில் நாலைந்து வயதுப் பிள்ளை இருந்தால் அதில் ஏறி முறுக்கி விளையாடும், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். குழந்தை குப்புற விழவோ உட்காரவோ தொடங்கியதும் தொட்டிலை மொத்தமாக அவிழ்த்துவிடுங்கள். அதே நேரத்தில் குழந்தையைத் துணியில் சுற்றிப் படுக்க வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

தொட்டிலில் இருந்து மாற்றும்போது எழுந்துகொள்கிறதா? முதலில் காலும் இடுப்பும் படுக்கையில் படட்டும், தலை கடைசியில். கையை உடனே உருவாமல் நெஞ்சில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். பத்துக்கு ஆறு தடவை எனக்குப் பலித்தது.

தண்ணி ஊத்தும் நேரம்

கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் அதன்பின் வரும் தூக்கம்தான் அன்றைக்கே பெரிய தூக்கம். அதனால் தண்ணி ஊத்தும் நேரம் எதுவோ, அதை ஒட்டித்தான் நாள் ஓடும். எங்கள் வீட்டில் தண்ணி ஊத்த வந்த ஆயா நாலு வீடு முடித்துவிட்டு மத்தியானம் மூன்றரைக்கு வருவார். குழந்தை நாலரைக்குத் தூங்கி ஏழரைக்கு எழும், ராத்திரி ஒரு மணி வரை கொட்டக் கொட்ட முழித்திருக்கும். காரணம் தெரியாமல் மூன்று வாரம் திண்டாடினோம். அம்மாவே காலை பத்து மணிக்கு ஊற்றத் தொடங்கிய நாலாம் நாள் இரவு அரை மணி நேரத்தில் கண் மூடியது.

குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, குழந்தையின் மார்பை அமுக்கிப் பால் எடுப்பது, தலைகீழாகத் தூக்கி உரம் என்ற சுளுக்கை எடுப்பது நான்கும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சல் போலவே படுத்தும். ஆயாவிடம் இதை முதல் நாளே, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். “டாக்டரம்மா திட்டுவாங்க ஆயா” என்றால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

ஒறம்பரை

குழந்தை பார்க்க வருகிற உறவுக்காரர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் எல்லோரும் வேலை முடிந்து பொழுதோட, அதாவது சாயங்காலம்தான், வருவார்கள். சரியாகக் குழந்தை அசந்துபோகும் நேரம். ஆளுக்கொரு தடவை கை மாறும், ஒருவர் கன்னத்தைக் கிள்ளுவார், ஒருவர் போட்டோவுக்கு விளக்கைப் போடச் சொல்வார். அவர்கள் போனபிறகு இரண்டு மணி நேரம் அழுகை. ‘திருஷ்டி’ என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். பாவம், அதற்கு வெறும் களைப்பு.

போனில் சொல்லிவிடுங்கள்: “காலைல தண்ணி ஊத்தறதுக்கு முன்னால வாங்க, முழிச்சிருப்பா.” சொல்ல முடியாத உறவாக இருந்தால், குழந்தையைத் தூங்க வைத்த அறைக் கதவைச் சாத்திவிட்டு, “இன்னிக்கு ஊசி போட்டிருக்குதுங்க” என்று சொல்லலாம். நான் ஒரே மாதத்தில் ஐந்து தடவை ஊசி போட்டிருக்கிறேன். சளி, இருமல் இருப்பவர்களுக்கு மட்டும் பொய் வேண்டாம், நேராகவே சொல்லுங்கள். கை கழுவிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்பதையும் சங்கடப்படாமல் சொல்லுங்கள்.

பொழுதோட வரும் அழுகை

இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். பால் குடித்து, துணி மாற்றி, காய்ச்சல் இல்லாமல், காரணமே இல்லாமல் மணிக்கணக்கில் அழும். வயிற்று வலி என்று கிரைப் வாட்டர், உரசிய வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், தேன் என்று ஆளாளுக்கு நீட்டுவார்கள். ஒரு வயது வரை தேன் ஆபத்து, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்பையே முடக்கும். வசம்பைப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றாலும் வாயில் தடவாதீர்கள், வாந்தியில் கொண்டுபோய் விடும். கையில் மணியாகக் கட்டினால் அறுந்து தொண்டையில் மாட்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், கரூர் வெயிலானாலும் தண்ணீர்கூட வேண்டாம்.

பலன் தந்தவை: தோளில் போட்டு நடப்பது, இருட்டறை, ஒரே சீராக ‘உஸ்ஸ்’ என்ற சத்தம், ஏப்பம் எடுக்க வைப்பது, சிலநாள் வாசலில் போய் நின்றாலே போதும். எதுவும் பலிக்காமல் உங்கள் கை நடுங்கத் தொடங்கினால், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

இரண்டு மாதத்துக்கு மேல்: மாலை வரிசை

இப்போது வரிசை ஒன்றைத் தொடங்கலாம். மணி கொஞ்சம் முன்பின் ஆகலாம், வரிசை மாறக்கூடாது. எங்களுடையது: ஏழேகாலுக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பு துடைப்பு, சட்டை மாற்றம், விளக்கு அணைப்பு, பால், ஏப்பம், ஒரு தாலாட்டு, படுக்கை. தாலாட்டு எதுவானாலும் சரி, தினமும் அதே பாட்டு. முழுத் தூக்கத்துக்குக் காத்திராமல், கண் சொக்கியிருக்கும்போதே படுக்கையில் விடுங்கள். நடுராத்திரியில் விழித்தால், படுத்த இடத்திலேயே இருப்பது தெரிந்து மறுபடி கண்ணை மூட அதற்குக் கொஞ்சமாவது வாய்ப்பு இருக்கும். முதல் பத்து நாள் வீண் வேலை என்றே தோன்றும்.

குழந்தைக்கு இது எளிது. எட்டு மணி சீரியலுக்கு ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். மாமியாரிடம் டிவியை அணைக்கச் சொல்வது என் வேலை இல்லை, கணவரின் வேலை. இதை எழுதியே கொடுத்துவிடலாம். சத்தத்தைக் குறைத்துக் கதவைச் சாத்தினாலே போதும்.

அடுத்தது அப்பா. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்கு வருகிறவருக்குப் பிள்ளையைக் கொஞ்ச ஆசை இருக்காதா? தூங்கும் குழந்தையை எழுப்பி விளையாடினால் அன்று பன்னிரண்டரை மணிதான். எங்கள் ஏற்பாடு: காலை ஆறிலிருந்து ஏழரை வரை குழந்தை அப்பாவுடையது. துணி மாற்றுவது, வாசலில் தூக்கிக்கொண்டு நடப்பது, கோழி காட்டுவது எல்லாம் அவர். எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் தூக்கம். இந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

வீடு மாறும் மாதம்

பிறந்த வீட்டில் பழகிய எல்லாம் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டுக்குப் போகும்போது கலையும். அதோடு நாலாவது மாதம் வாக்கில் குழந்தையின் தூக்கமே பெரியவர்களைப் போல மாறத் தொடங்கும், ஒவ்வொரு சுற்று முடிவிலும் விழித்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக வந்தால் ‘அங்க நல்லாத் தூங்குச்சு, இங்க வந்து கெட்டுப்போச்சு’ என்று ஒரு மனத்தாங்கல் வேறு. அதே ஜமுக்காளம், துவைக்காத அதே விரிப்பு, அதே பாட்டு, அதே வரிசை. மூன்றையும் கொண்டுபோங்கள் என்று எழுத வந்து நான்கு சொல்லிவிட்டேன், நான்கும் வேண்டும்.

தறிச் சத்தத்துக்குப் பயந்துகொண்டே போனேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கென்று எழுந்தாள்! அதற்காகத் தறிக்குடோனுக்குள்ளேயே தொட்டில் கட்டும் வழக்கம் வேண்டாம், அவ்வளவு சத்தம் காதைக் கெடுக்கும், பஞ்சுத்தூசி வேறு. குடோனைவிட்டுத் தள்ளி, வீட்டின் மறுபக்கம் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் கதவுகளை அறைந்து தள்ளும். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்துச் செருகுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல்

4 மாதத்திலிருந்து ஒரு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம். ஆறேழு மாதத்தில் ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு, இரண்டரை மணி நேரம் விழித்திருக்கும். ஆறரைக்கு எழுந்தால் ஒன்பது மணி வாக்கில் ஒரு தூக்கம், மத்தியானம் ஒன்று, நாலரைக்குக் குட்டித் தூக்கம். ஒன்பது மாதம் நெருங்கும்போது இந்தக் குட்டித் தூக்கம் தானாக உதிரும். கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது, சும்மா வெறிப்பது தெரிந்ததும் படுக்க வைத்துவிடுங்கள். அந்த நேரம் தவறினால் தூங்காமல் ஆட்டம் போடும்.

ராகிக்கூழ், பருப்புச் சாதம் தொடங்கும்போது புது உணவைக் காலையில் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலிலேயே தெரியும். தொண்டுப்பட்டியில் மாடு நிற்கும் வீடுகளில் “பசும்பால் ஒரு டம்ளர் ஊத்துனா விடிய விடியத் தூங்கும்” என்பார்கள். ஒரு வயதுக்குள் பசும்பால் முக்கிய உணவாகக் கூடாது. இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வரும். “இல்லீங்கத்தை, பிறந்தநாள் முடியட்டும்” என்று சொல்லி நான் தள்ளிப்போட்டேன். எட்டு, ஒன்பது மாதத்தில் அம்மாவைக் காணாவிட்டால் அழும் பருவம் வரும், எழுந்து நின்றுவிட்டு உட்காரத் தெரியாமல் நடுராத்திரியில் கத்தும். பகலில் உட்காரப் பழக்கினால் இரவு சரியாகும்.

டாக்டரிடம் எப்போது?

மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவென்று பார்க்காதீர்கள். பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், மூச்சு வாங்கி நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால், மஞ்சள் காமாலை உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்தால், ஒரு வாரத்துக்கு மேற்பட்ட குழந்தை நாளைக்கு ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் போனால் உடனே போக வேண்டும். சந்தேகம் கேட்க 104, வண்டிக்கு 108. தடுப்பூசி போட்ட இரவு கொஞ்சம் காய்ச்சலும் சிணுங்கலும் இருப்பது வழக்கம்தான். மருந்தின் அளவை நர்ஸம்மாவிடம் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தாய்க்கும் இது உண்டு. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், எதற்கென்று தெரியாத அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது ‘பிள்ளை பெத்த உடம்பு அப்பிடித்தான்’ என்று விடுகிற விஷயமில்லை. பிரசவம் பார்த்த டாக்டரிடமே சொல்லுங்கள். மருந்து உண்டு, சரியாகும்.

குலதெய்வம் கோயிலுக்குப் போகும் நாள்

மொட்டை, காதுகுத்து என்று ஒரு நாள் வரும். வெடியால நாலு மணிக்கு வேன், கிடா விருந்து, நூற்றைம்பது பேர், மைக் செட். அன்றைக்கு எந்த ஒழுங்கும் நிற்காது, நிற்க வைக்கப் பார்க்கவும் வேண்டாம். ஜமுக்காளத்தையும் கொசுவலையையும் வேனில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு எட்டத்தில் வேப்பமர நிழல் ஒன்றை அப்பிச்சியை, அம்மாவழித் தாத்தாவை, பிடித்துவைக்கச் சொல்லுங்கள். வேனில் யார் மடியிலாவது தூங்கினால் தாடை நெஞ்சில் சாயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ராத்திரி வீடு திரும்ப எவ்வளவு நேரமானாலும், மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கே ஜன்னலைத் திறந்துவிட்டு, பத்து மணிக்குத் தண்ணி ஊத்தி, ஏழேகாலுக்குத் துணியை நனைத்துப் பிழியுங்கள். எங்களுக்கு மூன்றாம் நாள் பழைய நேரம் திரும்பியது.